கிணத்து மோட்டாரும் ஆகாசக் காத்தும்

போன மாசம் அக்கா குடும்பத்தோட ஆரப்பாளையத்துல பஸ் ஏறி கொடைக்கானல் போனோம். டம்டம் பாறை தாண்டயில காது அடைச்சிருச்சு. அக்கா மகன் கையில சிப்ஸ் பாக்கெட் தலகாணி மாதிரி உப்பிப்போச்சு. "உள்ள இருக்கது நம்ம ஊர்க் காத்துடா. வெளிய அழுத்தம் கொறையுது, அதான் பொடைக்குது"ன்னேன். அங்க 2,100 மீட்டர் உயரம், அழுத்தம் மதுரையில இருக்கதுல அஞ்சுல நாலு பங்குதான்.

"அப்ப இன்னும் மேல காத்தே இல்லையே மாமா. அந்த வெற்றிடம் நம்ம காத்தையெல்லாம் உறிஞ்சிறாதா?"

பெருமாள் மலை வரைக்கும் நான் வாயத் தொறக்கல.

பதில் கெடச்சது உசிலம்பட்டிப் பக்கம் எங்க தோட்டத்துக் கிணத்துல. கோடையில தண்ணி இறங்கிட்டா மோட்டாரையும் உள்ள இறக்கணும். மேலயே இருந்தா எத்தனை எச்பி போட்டாலும் எடுக்காது. (இது தெரியாம ஒரு மெக்கானிக் குழாய் அடியில இருக்க புட்வால்வை ரெண்டு தடவை மாத்திக் காசு வாங்கிட்டுப் போனது தனிக்கதை.) மோட்டார் தண்ணிய இழுக்கிறதே இல்ல. குழாய்க்குள்ள அழுத்தத்தைக் கொறைக்குது, அம்புட்டுதான். கிணத்துத் தண்ணி மேல உக்காந்திருக்க காத்துதான் அமுக்கி ஏத்துது. அதோட பலம் கணக்குக்கு 34 அடி. நடைமுறையில 25 அடியிலயே மூச்சு வாங்கும். அப்படின்னா ஆகாசம் வரைக்கும் நிக்கிற காத்தும் 34 அடித் தண்ணியும் ஒரே எடை! சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம்.

வெற்றிடம் எதையும் இழுக்காது. காத்துதான் தள்ளிக்கிட்டுப் போகணும். கீழ்க்காத்து மேல தள்ளுது, பூமி கீழ இழுக்குது, ரெண்டும் சரிக்குச் சரி. மேல போகப்போகச் சுமக்க வேண்டியது கம்மி, அழுத்தமும் கம்மி. பாதிக் காத்து அஞ்சரை கிலோமீட்டருக்குள்ளயே முடிஞ்சிருது. 100 கிலோமீட்டர்ல, இங்க இருக்க அழுத்தத்துல பத்து லட்சத்துல ஒரு பங்குகூட இல்ல. நடுவுல சுவரெல்லாம் கெடையாது, தேஞ்சுக்கிட்டே போகுது.

இதைப் படிச்சிட்டு மேலூர்ல இருந்து ஒருத்தர் எழுதுனாரு: இறங்கயில கவனிச்சீங்களா? கொடைக்கானல்ல குடிச்சிட்டு இறுக்கி மூடுன வாட்டர் பாட்டில் வத்தலக்குண்டுல நசுங்கிக் கெடந்துச்சு. "மேல உக்காந்துட்டியாப்பா"ன்னு என் மக என்னையத் திட்டுறா. கொடைக்கானல்ல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிருது. குக்கர் இல்லாம துவரம்பருப்பு வேகவே இல்ல.

இன்னொருத்தர் கேட்டாரு: காத்து பூமியை விட்டுக் கொஞ்சங்கூடத் தப்பிக்காதாண்ணே?

தப்பிக்கும் தம்பி. ஆனா செகண்டுக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேணும். நைட்ரஜன், ஆக்சிஜனுக்கெல்லாம் அரை கிலோமீட்டர் வாக்குலதான் ஓட்டம். ஹைட்ரஜன், ஹீலியம் மாதிரி லேசானதுதான் உச்சியில கொஞ்சங்கொஞ்சமா நழுவுது. சித்திரைத் திருவிழாவுல கைநழுவ விட்ட காஸ் பலூனை நெனச்சு மருமகன் இன்னும் மொறைக்கிறான். உள்ள இருந்த காத்தாவது என்னைக்காச்சும் வெளிய போயிரும்டான்னு சொல்லி வச்சிருக்கேன்.