குட்டி வாங்கி வந்த பழைய மினி பைக் ஃபிரேம்: எங்கள் பினாங்கு குடும்பக் குழுவில்

குட்டி: [3 படங்கள்] காலையில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. இஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, வெறும் ஃபிரேமும் முன் ஃபோர்க்கும்தான். விலை 120 வெள்ளி (ரிங்கிட்). விற்றவர் இது ஹோண்டா மங்கி என்று அடித்துச் சொல்கிறார். மாமா, அண்ணே, பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா: இருக்கிற சைக்கிளை நிறுத்தவே வாசலில் இடமில்லை.

கேஎல் அண்ணன்: மங்கி இல்லைடா. மங்கிக்கு நம் கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) மாதிரி இஞ்சின் மேலே போல்ட்டில் தொங்கும். உன் படத்தில் கீழே ஒரு தட்டை இரும்புத் தகடு, அதில் நான்கு நீளத் துளை. புல்வெட்டும் மெஷினில் வருகிற மாதிரி இஞ்சினை உட்கார வைக்கிற இடம் அது. மங்கியில் இசட்50எம் மாடல் 1967-இல் வந்தது, 5 அங்குலச் சக்கரம், கார் பின்பெட்டிக்குள் போக ஹேண்டில் மடியும். அடுத்து வந்த இசட்50ஏ-க்கு 8 அங்குலம். எப்படிப் பார்த்தாலும் இரண்டோடும் ஒட்டவில்லை.

குட்டி: அப்போது ஹோண்டா டாக்ஸாக இருக்குமோ?

கேஎல் அண்ணன்: டாக்ஸில் குழாயே கிடையாதுடா, தகட்டை அழுத்திச் செய்த உடம்பு, பெட்ரோல் டாங்க் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். இது அமெரிக்காக்காரன் 60, 70-களில் செய்த மினி பைக் போல இருக்கிறது. ரப் ஆக இருந்தால் உனக்கு யோகம். மிக்கி ரப் கம்பெனி, அந்த மனிதர் 1965 இண்டி 500 கார் பந்தயத்தில் ஆறாவதாக வந்தவர்.

குட்டி: அப்படியென்றால் இப்போதே பெயின்டைச் சுரண்டிப் பார்க்கிறேன், அடியில் பெயர் இருக்கலாம்.

பெரிய மாமா: டேய் மாப்பிள்ளை கையை வை கீழே. சுரண்டாதே, கிரைண்டர் பக்கமே போகாதே. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், வீட்டில் சின்னப் பிள்ளை தவழ்கிறது. அதோடு நம்பர் ஏதாவது லேசாகக் குத்தியிருந்தால் கிரைண்டர் ஒரு தடவை பட்டாலே போய்விடும். முதலில் மண்ணெண்ணெய் தொட்டு ஈரத் துணியால் துடை. ஹேண்டில் உட்காருகிற கழுத்துக் குழாயில் பெயர்த் தகடு ஆணி அடித்த இரண்டு சின்னத் துளை இருக்கிறதா, பெயின்டுக்கு மேலே எழுத்து மாதிரி மேடு தெரிகிறதா, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்.

குட்டி: துளை இரண்டு இருக்கிறது மாமா, தகடுதான் இல்லை. மேடு எதுவும் தெரியவில்லை. அப்புறம் அந்த ஆளிடம் ஒரு பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இஞ்சினும் இருந்தது, இதோடு சேர்ந்து வந்ததாம், 300 வெள்ளி கேட்டார். [படம்] அதில் குத்தியிருக்கிற எண் 74061805.

கேஎல் அண்ணன்: முதல் இரண்டு எண் வருடம், அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்தது தேதி. 1974 ஜூன் 18. அவ்வளவுதான், கண்டுபிடித்தாயிற்று, 74 மாடல்.

பெரிய மாமா: அது இஞ்சின் பிறந்த தேதி லா. நான்கு போல்ட்டைக் கழற்றினால் எவன் இஞ்சினும் இதில் உட்காரும். இஞ்சின், சக்கரம், சீட், பெயின்ட் எல்லாம் மாறிப்போகிற சாமான், அதை வைத்து ஃபிரேமுக்கு வயது சொல்லாதே. வெல்டு வைத்ததை எவனும் மாற்ற மாட்டான். பிரேக் கம்பி பிடிக்கிற இடத்தில் ஃபிரேமோடு வெல்டு வைத்த நட்டு ஒன்று உன் இரண்டாவது படத்தில் தெரிகிறது. உன் கப்சாயிலிருந்து எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட் ஒன்றைக் கழற்றி, எண்ணெய் தடவி, விரலால் மட்டும் திருகிப் பார். இறுகினால் நிறுத்து, ஸ்பேனர் போடாதே.

குட்டி: இரண்டு சுற்றுப் போனது, அப்புறம் அசையவில்லை. ஹார்ட்வேர் கடைக்குப் போய் 5/16 அங்குல போல்ட் வாங்கி வந்தேன், அது விரலிலேயே கடைசி வரைக்கும் போகிறது!

கேஎல் அண்ணன்: அங்குல மரை. ஜப்பான் சாமான் இல்லை, அமெரிக்காதான். நான் அப்போதே சொன்னேன்.

பெரிய மாமா: அவசரப்படாதே. நான் பிறை ஊரில் வெல்டிங் கற்றுக்கொண்ட காலத்தில் பட்டறை முழுக்க வெள்ளைக்காரன் விட்டுப்போன விட்வொர்த் போல்ட்தான், அது பிரிட்டிஷ் அங்குல மரை. 5/16 விட்வொர்த்துக்கும் அங்குலத்துக்கு 18 மரை, அமெரிக்க 5/16-க்கும் அதே 18. மரைக் கோணம்தான் 55-ம் 60-ம், விரலுக்கு வித்தியாசம் தெரியாது. நம் ஊர்ப் பட்டறையில் எவனோ தன் மகனுக்குச் செய்து கொடுத்ததாகவும் இருக்கலாம். அதனால் பின் சக்கர அச்சு உட்காருகிற இரண்டு தகட்டையும் கிட்டப் போய்ப் படம் எடு, ஓரம் தெரியணும்.

சித்தி: எனக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியாக்காரர்கள் இருந்தார்களே, 1988-இல் நம் ஆட்களிடம் ஒப்படைத்தார்கள். ஊருக்குத் திரும்புகிற குடும்பங்கள் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள், எங்கள் ஃபிரிட்ஜ்கூட அப்படி வந்ததுதான். அவர்கள் பிள்ளைகள் ஓட்டியதாக இருக்குமோ?

பெரிய மாமா: இருக்கலாம் தங்கச்சி. ஆனால் அதை வைத்துக்கொண்டு விலை சொல்ல முடியாது.

குட்டி: [2 படங்கள்] மாமா, ஓரம்.

பெரிய மாமா: ஆ, இதுதான் கேட்டேன். தகட்டின் ஒரு பக்கம் ஓரம் லேசாக மழுங்கியிருக்கிறது, மறுபக்கம் கூராகப் பிசிறு நிற்கிறது, இரண்டு தகட்டுக்கும் அப்படியே. பிரஸ் மெஷினில் டை வைத்துக் குத்தியது. கேஸில் வெட்டியிருந்தால் ஓரம் பல்பல்லாக இருக்கும், கையால் அறுத்திருந்தால் இடதும் வலதும் ஒரே அளவில் வராது. குழாய் வளைவிலும் நசுங்கல் இல்லை. தொழிற்சாலை சாமான்தான், மாப்பிள்ளை.

குட்டி: ரப் தானே?

கேஎல் அண்ணன்: அது எப்படிச் சொல்வது. சியர்ஸ், மாண்ட்கோமரி வார்ட் மாதிரி அமெரிக்கக் கடைகள் வேறு யாரோ செய்ததை வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்றன. பெயர்த் தகடு போய்விட்ட பிறகு பெயர் சொல்லணும் என்றால், தகடும் பெயரும் உள்ள அதே மாதிரி ஒன்றின் படம் வேண்டும். கழுத்துச் சாய்வு, கால் மிதி வெல்டு வைத்த இடம், பின் சக்கர அச்சிலிருந்து கழுத்து வரை நீளம், இதெல்லாம் அளந்து எனக்கு அனுப்பு, நான் தேடுகிறேன். அதுவரைக்கும் ரப் என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடாதே.

குட்டி: சரி. பவுடர் கோட்டிங் எப்போது கொடுக்கலாம்? ஆரஞ்சு நினைத்திருக்கிறேன்.

பெரிய மாமா: அதற்குள் ஆரஞ்சா. கழுத்துக் குழாயும் கீழ்க் குழாயும் சேருகிற இடத்தில்தான் இந்தச் சின்ன ஃபிரேமெல்லாம் விரியும், பின்னால் ஸ்பிரிங் கிடையாது, குழி எல்லாம் அங்கேதான் போய் இடிக்கும். விரிசலை மூடி பவுடர் போட்டால் அழகாக உடையும். அந்த இடத்தில் மட்டும் பெயின்டைச் சுரண்டாமல் மருந்து தடவி எடுத்துவிட்டு மண்ணெண்ணெயை ஊறவிடு, காயத் துடை, மேலே சாக்பீஸ் தூளைத் தடவி டீ குடித்துவிட்டு வந்து பார். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் கோடு போட்டுக் காட்டும். கோடு வந்தால் நீ வெல்டு வைக்காதே. மெல்லிய குழாய், தெரியாதவன் கையில் ஓட்டை விழும். இணைப்பில் எங்கேயாவது மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால் அதையும் சொல். பித்தளைமேல் ஆர்க் வெல்டிங் போட்டால் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

குட்டி: இஞ்சினுக்கு, பழைய ஹோண்டா சி70 இஞ்சின் ஒன்று நண்பனிடம் சும்மா கிடக்கிறது. இஞ்சின் உட்காருகிற தகட்டை வெட்டிவிட்டு அதை மாட்டலாமா?

பெரிய மாமா: வெட்டினால் என் வீட்டுப் பக்கம் வராதே.

கேஎல் அண்ணன்: அந்தத் தகடுதான் இதில் மிச்சமிருக்கிற அடையாளம்டா. 300 சொன்ன பிரிக்ஸையே 200-க்குக் கேட்டுப் பார். இன்னொன்று, இதற்குக் கிராண்ட் (வண்டிப் பதிவுப் பத்திரம்) கிடையாது, ரோட்டில் ஓட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிப்பான். யாராவது நம்பர் குத்தித் தருகிறேன் என்று வந்தால் ஓடிவிடு.

அம்மா: ரோட்டில் ஓட்ட முடியாத மோட்டாருக்கு 120 வெள்ளியா?

சித்தி: விடு அக்கா, ரோட்டில் ஓட்டுகிறதை விட இது நல்லது.

பெரிய மாமா: சனிக்கிழமை கொண்டு வா. மோட்டாரில் கட்டிக்கொண்டு பாலத்தில் வராதே, காற்றில் ஆடும். ஃபெரியில் வா. சாக்பீஸ் வாங்கிக்கொள், மண்ணெண்ணெய் இங்கே இருக்கிறது.

அம்மா: அண்ணே, வந்ததை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.