ஹைனேயின் நீரூற்று எந்த ஊருக்குச் சொந்தம்?

இளவேனில்:
ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே 1797-இல் பிறந்தது ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில். அவருக்காக அந்த ஊரில் வைக்கவென்று சிற்பி எர்ன்ஸ்ட் ஹெர்ட்டர் உருவாக்கிய லோரெலை நீரூற்று இருப்பதோ நியூயார்க்கின் பிராங்க்ஸில். அதைப் பிறந்த ஊருக்கே கொடுத்துவிட வேண்டும். லோரெலை ஹைனேயின் கவிதையில் ரைன் நதிப் பாறையில் உட்கார்ந்து பாடுகிறவள். பிராங்க்ஸில் அவளுக்கு என்ன வேலை?

மாறன்:
டுசெல்டார்ஃப் வேண்டாம் என்றதால்தானே அவள் கப்பல் ஏறினாள்? ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தே ஆதரவு கொடுத்த திட்டம் அது. ஆனால் ஹைனே யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அன்று அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசைச் சாடி எழுதியவர், பாரிஸில் போய் வாழ்ந்தவர். தேசியவாதிகளும் யூத வெறுப்பாளர்களும் கூச்சல் போட்டார்கள், நகரமன்றம் பின்வாங்கியது. மைன்ஸ் நகரமும் கைவிரித்தது. கடைசியில் நியூயார்க்கில் குடியேறியிருந்த ஜெர்மானியர்கள் காசு திரட்டி வாங்கி, 1899-இல் திறந்தார்கள். காசு போட்டவர்களுக்கு இல்லாத உரிமை, விரட்டியவர்களுக்கு எப்படி வரும்?

இளவேனில்:
விரட்டிய தலைமுறை போய்விட்டது, ஐயா. இன்று பல்கலைக்கழகத்துக்கே ஹைனே பெயரை வைத்திருக்கும் ஊர் அது. அப்புறம், நியூயார்க் மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதா? சென்ட்ரல் பார்க் வாசலில் இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பிராங்க்ஸிலும் சிலைகளின் தலையையும் கையையும் உடைத்தார்கள்.

நூலகத் திண்ணை:
உடைத்தது உண்மை. 1999-இல் சீரமைத்து மறுபடி திறந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: ஹாம்பர்க் நகரப் பூங்காவில் 1926-இல் ஹைனேக்குச் சிலை வைத்தார்கள். 1933-இல் நாஜிகள் அகற்றினார்கள், பிறகு போர்க்காலத்தில் உருக்கிவிட்டார்கள். லோரெலை ஜெர்மனியிலேயே இருந்திருந்தால் தப்பியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இளவேனில்:
அதற்காகப் பிறந்த ஊர் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா?

மாறன்:
வெறுங்கை இல்லையே. 1981-இல் பெர்ட் கெரெஸ்ஹைம் செய்த நினைவுச்சின்னம் டுசெல்டார்ஃபின் ஷ்வானன்மார்க்ட் சதுக்கத்தில் இருக்கிறது. ஹைனேயின் முகம் துண்டு துண்டாகப் பிளந்து கிடக்கும். அந்த ஊர் அவரை நடத்திய விதத்துக்கு அதுதான் நேர்மையான சிலை. அழகான பளிங்குப் பெண்ணைக் கொண்டுவந்து வைத்தால், நடந்தது எதுவுமே தெரியாமல் போகும்.

இளவேனில்:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. ரைன் கரையில் ஒரு நகலாவது வேண்டும்.

மாறன்:
நகலுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். நகரமன்றம் இதை ஏற்க மறுத்தது என்று அதன் பீடத்தில் பொறிக்க வேண்டும், அவ்வளவுதான்.