மறு: கியூபிசத்துக்குத் தமிழ் – சதுரமுகியம்?

வணக்கம். கியூபிசம் என்பது பிக்காசோவும் பிராக்கும் தொடங்கிய ஓவிய இயக்கம்; ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து பார்த்து, உடைத்து, ஒரே படத்தில் வரைவது. அதற்குத் தமிழ்ச் சொல் எது என்று வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> கனவுருவியம் என்றே வைக்கலாமே. கனவுரு இலங்கைக் கணிதப் புத்தகத்தில் உள்ள சொல்தானே.

உள்ளதுதான், அண்ணா. நானும் அதைத்தான் கண்காட்சிக் குறிப்பு அட்டையில் முதலில் போட்டிருந்தேன். அச்சுப்படியைப் பார்த்த அக்காவின் மகள் கேட்டாள்: "சித்தி, இது கனவில வாறதைக் கீறின படமோ?" பத்தாம் ஆண்டுப் பிள்ளை, கனவுருவின் கனவளவு கணிக்கத் தெரிந்தவள். அவளே கனவு, உரு என்று பிரித்துவிட்டாள். கனவு, சர்ரியலிசம் என்ற வேறொரு கலை இயக்கத்தின் காணி. 1924இல் எழுத்தாளர் பிரெத்தோன் அதற்கு அறிக்கை எழுதி வேலி அடைத்தாயிற்று. பக்கத்துப் பக்கத்துச் சுவரில் இரண்டும் தொங்கும்போது இது சரிவராது. தவிரவும் கனவுரு என்றால் செங்கல் வடிவம். கியூப் எங்களுக்குச் சதுரமுகி.

> பல்கோண நோக்கியம் என்றால் பொருள் விளங்கும்.

விளங்கும். எனக்கு இடிப்பதும் அதுதான். 1908இல் பாரிஸில், கான்வைலரின் காட்சிக்கூடத்தில், பிராக் தன் லெஸ்தாக் நிலக்காட்சிகளை வைத்தார். வீடு, மரம் எல்லாவற்றையும் கியூபுகளாக்கிவிட்டார் என்று விமர்சகர் லூயி வோக்செல் பத்திரிகையில் எழுதினார். கியூபிசம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஓவியர் மத்தீஸின் கூட்டத்தைக் காட்டு விலங்குகள் (ஃபோவ்) என்று 1905இல் சொல்லி, ஃபோவிசம் என்ற பெயருக்கு வழி செய்தவரும் இவரே. அதற்கும் முன்னால், 1874இல், ஓவியர் மொனேயின் படத் தலைப்பைப் பிடித்து விமர்சகர் லெருவா நக்கலடித்ததில் பிறந்தது இம்ப்ரெஷனிசம். எல்லாம் பட்டப்பெயர்கள். ஊரில் ஒருவரை 'நெட்டையர்' என்றால், அதைச் 'சராசரிக்கு மேற்பட்ட உயரமுடையவர்' என்று யாரும் திருத்துவதில்லை. பட்டப்பெயரை வரைவிலக்கணமாக மாற்றினால் அந்தக் குத்தல் போய்விடும்.

எனவே சதுரமுகியம்.

தமிழக நண்பர்கள் கனசதுரவியம் என்பார்கள். அடைப்புக்குறிக்குள் அதுவும் இருக்கட்டும். ஆனால் கனசதுரத்தில் கனம் இருக்கிறது, முகம் இல்லை. பிக்காசோவின் 1910ஆம் ஆண்டுப் படங்களில் உருப்படியாக ஒரு கியூப் தேடிப் பாருங்கள், கிடைக்காது. நெற்றி, கிட்டார், போத்தல் எல்லாம் சின்னச் சின்ன முகங்களாக உடைந்து கிடக்கும்.

சனிக்கிழமை கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் சப்புமல் பவுண்டேஷனுக்குப் போயிருந்தேன். ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு, இலங்கையின் நவீன ஓவியர் கூட்டமான 43 குழுவினரின் படங்கள் அங்கேதான். அந்தக் குழுவின் ஜோர்ஜ் கீற் வரைந்த பெண் முகம் ஒன்றின் முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, உள்ளங்கையை நீட்டிப் பாதியை மறைத்தேன். அவள் பக்கவாட்டில் எங்கோ பார்க்கிறாள். கையை எடுத்ததும் என்னையே பார்க்கிறாள். மூக்கின் கோடு ஒன்றுதான், முகம் இரண்டு. காவலாளி என்னைப் பார்த்த பார்வை வேறு விஷயம்.

சதுரமுகி என்றதும் பிரமன் நினைவுக்கு வருகிறான் என்று ஒருவர் கேலி செய்திருந்தார். வரட்டுமே! சுவர்ச் சிற்பத்தில் நாலாவது முகத்தைக் காட்ட வழியில்லாமல் சிற்பி மூன்றோடு நிறுத்துகிறான். பிக்காசோவாக இருந்தால் அதையும் காதுப் பக்கமாகச் செருகியிருப்பார்.

-வாதமா, -இயமா என்று நீட்ட விருப்பமில்லை. யதார்த்தவாதம் காதுக்குப் பழகிவிட்டது. சதுரமுகிவாதம் என்றால் முழங்கால் வருத்தம் மாதிரி இருக்கிறது.

என் சிக்கல் அடுத்த அட்டையில். முதற்கட்டம், உருவங்களை உடைத்துப் பகுத்த கட்டம் (analytic), பகுப்புச் சதுரமுகியம், அதில் தகராறில்லை. 1912இல் தொடங்கிய அடுத்த கட்டத்தை (synthetic) தொகுப்புச் சதுரமுகியம் என்று எழுதிவிட்டு அழித்தேன். காட்சிக்கூடத்தில் தொகுப்பு என்றால் சேகரிப்பு என்றுதான் வாசிப்பார்கள். அந்த ஆண்டு பிக்காசோ செய்த கதிரைப் படத்தை எடுங்கள். அதிலுள்ள பிரம்புப் பின்னல் பின்னியதுமல்ல, கீறியதுமல்ல. பின்னல் அச்சடித்த மெழுகுசீலையை வெட்டி ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றிவிட்டார். அந்த வேலைக்கு ஒட்டுச்சித்திரம் என்ற நல்ல சொல் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. கட்டத்துக்குத்தான் சொல் இல்லை. 'ஒட்டுச் சதுரமுகியம்' என்றால் மாமரக் கன்று ஞாபகம் வருகிறது, 'இணைப்பு' தொலைபேசிக்குப் போய்விட்டது. 'கூட்டுச் சதுரமுகியம்' சரியா?

அட்டைகள் திங்கள் காலை அச்சுக்குப் போகின்றன. மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கோ.

வெள்ளவத்தையிலிருந்து