கலைச்சொல் உதவி: புரமோஷன், ரெலிகேஷன் (ஐரோப்பிய ரக்பி)

ந.இ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

ஐரோப்பிய ரக்பி பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புரமோஷன், ரெலிகேஷன் என்ற இரண்டு சொற்கள்தான் பாக்கி: ஆட்ட முடிவுகளைப் பொறுத்து ஓர் அணி மேல் அடுக்குக்குப் போவதும் கீழ் அடுக்குக்கு இறங்குவதும். "பதவி உயர்வு" என்று எழுதினால் அலுவலகக் கோப்புதான் கண்முன் வரும்.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆடுவது ஆறு நாடுகள் போட்டி. 2000இல் இத்தாலி சேர்ந்தபின் யாரும் உள்ளே போகவில்லை, வெளியே வரவும் இல்லை. கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டு இடம் உறுதி. அதற்குக் கீழே ரக்பி யூரோப் அமைப்பு நடத்தும் சாம்பியன்ஷிப், டிராபி, கான்ஃபரன்ஸ் என்று அடுக்குகள். அங்கே ஏறவும் இறங்கவும் வழி உண்டு. சாம்பியன்ஷிப் 2023இல் எட்டு அணிகளாக விரிந்தது. இரண்டு ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்துக் கடைசி அணியைக் கீழே அனுப்புகிறார்கள். 2024 முடிவில் போலந்து போனது, 2025இல் சுவிட்சர்லாந்து வந்தது.

இந்தச் சாம்பியன்ஷிப்பை 2018 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் வென்றது ஜார்ஜியா. ஆனால் அதற்கு மேலே போக வாசல் இல்லை. கட்டுரையின் உயிரே இதுதான். ஆகவே பெயராகவும் வினையாகவும் வரக்கூடிய, எதிர்மறையிலும் பொருள் கெடாத சொல் வேண்டும்.

இரா.கு. எழுதியது:

தரமேற்றம், தரமிறக்கம். பேரூராட்சியை நகராட்சியாகவும் நடுநிலைப்பள்ளியை உயர்நிலைப்பள்ளியாகவும் "தரம் உயர்த்தியதாக" நாளிதழ்கள் எழுதுகின்றன. எல்லோருக்கும் உடனே புரியும். வேலை முடிந்தது அக்கா.

மா.தே. எழுதியது:

முடியவில்லை தம்பி. "தரவேற்றம், தரவிறக்கம்" என்று இணையத்தில் இருபது வருடமாக எழுதிப் பழகிவிட்டோம். "போலந்து தரமிறக்கம்" என்பதை அவசரமாகப் படிப்பவர் போலந்தை டவுன்லோடு செய்துவிடுவார். மெய்ப்புப் பார்ப்பவரே "மி"யை "வி" ஆக்கிவிடவும் கூடும்.

செ.வ. எழுதியது:

அன்பர்களே, தரம் என்பதே தமிழ்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு. தேவையில்லாத இடத்தில் ஏன் அதை இழுக்க வேண்டும்? வள்ளுவரிடம் சொல் இருக்கிறது. "தலையின் இழிந்த மயிரனையர் மாந்தர் நிலையின் இழிந்தக் கடை." நிலையின் இழிதல்! இதைவிடப் பொருத்தமாக ரெலிகேஷனை யார் சொல்ல முடியும்? நிலையுயர்வு, நிலையிழிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இழிதல் என்றால் இன்று முகம் சுளிக்கிறார்கள். பழைய வழக்கில் அது கீழே வருதல் மட்டுமே. "இழுமென இழிதரும் அருவி" என்று திருமுருகாற்றுப்படை முடியும் இடத்தில் என்ன இழிவு? அருவி இறங்குகிறது, அவ்வளவுதான். "ஏற்றம்" என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம். என் காதில் அது கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றம்தான். ஏற்றமரம், ஏற்றப்பாட்டு என்று ஒரு பெரிய சொற்குடும்பமே இருக்கிறது. அதைப் பிறகு தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று. ஜார்ஜியர் ரக்பியின் "டிரை"யை, அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பதை, லெலோ என்கிறார்கள். லெலோ புர்தி என்ற தங்கள் நாட்டுப்புற ஆட்டத்திலிருந்து எடுத்த சொல். ஷுகுதி ஊரில் ஈஸ்டர் நாளில் இன்றும் ஆடுகிறார்கள். அணிக்கே லெலோக்கள் என்று பெயர். தன் சொல்லை நம்பியவன் கெட்டுப்போகவில்லை.

மா.தே. எழுதியது:

ஐயா, அருவி இழியலாம். "போலந்து இழிந்தது" என்று எழுதினால் போலந்தைத் திட்டுவதாகத்தான் இன்றைய வாசகர் எடுத்துக்கொள்வார். வள்ளுவரும் அந்த இடத்தில் மானம் இழந்தவரைத்தான் சொல்கிறார்.

ஆட்டத்தில் கீழே போவது மானக்கேடு அல்ல. போர்ச்சுக்கல் 2016இல் கீழே போனது. 2019இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஜெர்மனியை வென்று அதன் இடத்துக்குத் திரும்பி வந்தது. 2023 உலகக் கோப்பையில் ஜார்ஜியாவுடன் 18-18 சமன், துலூசில் ஃபிஜியை 24-23 வென்றது. அந்த மூன்று வருடத்தை இழிவு என்று பதிவுசெய்ய எனக்கு மனம் வரவில்லை.

ச. (யாழ்ப்பாணம்) எழுதியது:

முதலில், அது றக்பி. இதைப் பற்றி நான் ஏற்கெனவே இங்கே சண்டை பிடித்திருக்கிறேன், திரும்பவும் பிடிக்கத் தயார்.

"தரம்" எங்களுக்குச் சரிவராது. தரம் ஐந்து என்றால் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அதிலேயே வழியும் இருக்கிறது. சோதினையில் தேறிய பிள்ளைக்கு நாங்கள் சொல்வது வகுப்பேற்றம். முடிவைப் பார்த்து மேலே விடுவது. நீங்கள் கேட்பதும் அதுதானே? வகுப்புக்குப் பதில் பிரிவு: பிரிவேற்றம், பிரிவிறக்கம்.

செ.வ. எழுதியது:

பிரிவு என்றால் தலைவன் பிரிவு. பிரிவாற்றாமை படித்தவன் காதில் "பிரிவேற்றம்" எப்படி விழும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரா.கு. எழுதியது:

பொதுப்பிரிவு, பெண்கள் பிரிவு, இரண்டாம் பிரிவு லீக் என்றெல்லாம் விளையாட்டுப் பக்கத்தில் நாள்தோறும் வருகிறதே ஐயா, யாரும் பசலை பாய்ந்து வாடவில்லை. புணர்ச்சியும் சரிதான். முற்றியலுகரமானாலும் "முற்றும் அற்று ஒரோவழி" என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. உறவு, அழகு சேர்ந்து உறவழகு ஆவதுபோல.

ந.இ. எழுதியது:

பிரிவேற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வினையில் ஒரு சிக்கல் இருக்கிறது. "ஜார்ஜியா பிரிவேறவில்லை" என்றால் அது முயன்று தோற்றதுபோல் ஆகிவிடும். நடந்தது அப்படி இல்லை. 2022 ஜூலையில் சொந்த மண்ணில், பதூமியில், இத்தாலியை 28-19 என்று வென்றார்கள். நவம்பரில் கார்டிஃபுக்கே போய் வேல்ஸை 13-12 என்று வென்றார்கள். இத்தாலி 2015க்கும் 2022க்கும் இடையே ஆறு நாடுகள் போட்டியில் தொடர்ந்து 36 ஆட்டங்கள் தோற்றது. வேல்ஸ் 2024, 2025 இரண்டிலும் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. ஏறத் தெரியாமல் நிற்கவில்லை ஜார்ஜியா, ஏற்றுவார் இல்லாமல் நிற்கிறது. இந்தத் தன்வினை, பிறவினை வேறுபாடு போனால் கட்டுரையே போய்விடும். "பிரிவேற்றப்படவில்லை" என்றே எழுதப்போகிறேன். செயப்பாட்டு வினை தமிழுக்கு ஆகாது என்று யாரும் வர வேண்டாம்.

இரா.கு. எழுதியது:

மொழிக்கு வெளியே ஒரு வார்த்தை அக்கா. 2024இல் இத்தாலி ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் வென்று, பிரான்ஸோடு சமன் செய்தது. இடம் உறுதியாக இருந்ததால்தான் அது வளர்ந்தது. கீழே தள்ளியிருந்தால் ஒளிபரப்புப் பணமும் பெரிய ஆட்டங்களின் டிக்கெட் வருமானமும் போய் நொடிந்திருக்கும்.

ந.இ. எழுதியது:

அந்தப் பொறுமையை ஜார்ஜியாவுக்கும் யாராவது காட்ட வேண்டாமா தம்பி? 2026 முதல் வரும் உலக அளவிலான நேஷன்ஸ் சாம்பியன்ஷிப்பில் மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையே ஏற்ற இறக்கம் 2030இல்தான் தொடங்கும் என்று 2023 அக்டோபரில் அறிவித்தார்கள். அதுவரை சும்மா வென்றுகொண்டே இருக்கச் சொல்கிறார்கள்.

மா.தே. எழுதியது:

சரி, இது நாளைக்கும் ஓயாது. பிரிவேற்றம், பிரிவிறக்கத்துக்கு என் வாக்கு. "எமர்ஜிங் நேஷன்ஸ்" என்பதை "வளரும் நாடுகள்" என்று போடாதே, பொருளாதாரமாகிவிடும். "வளரும் ரக்பி நாடுகள்" என்று எழுது.

இரா.கு. எழுதியது:

எனக்கும் சம்மதம். தரமேற்றத்தை விட்டுவிடுகிறேன்.

ச. எழுதியது:

சம்மதம். றக்பி.

ந.இ. எழுதியது:

நன்றி. வெள்ளிக்கிழமைக்கு இதுவே போகிறது. எழுத்து மட்டும் இதழின் வழக்கப்படி ரக்பிதான், ச. மன்னிக்க வேண்டும். "பிளே-ஆஃப்" என்பதை இப்போதைக்குத் தகுதிகாண் ஆட்டம் என்று வைத்திருக்கிறேன். அது அரைகுறையாகத்தான் இருக்கிறது, ஃபிராங்க்ஃபர்ட் ஆட்டத்தில் இரண்டு அணிகளின் இடமும் பணயத்தில் இருந்ததே. நல்ல சொல் கிடைத்தால் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்.

செ.வ. எழுதியது:

பெரும்பான்மை முடிவு உங்களுடையது, நான் உடன்படவில்லை. இழிவு வேண்டாமென்றால் நிலையிறக்கம் என்றாவது வைத்திருக்கலாம். பிளே-ஆஃப் பற்றிச் சடுகுடு வழக்குகளைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்; வியாழனுக்குள் முடியுமா தெரியவில்லை.