தவளையும் மீனும் ஒரே தொட்டியில் இருக்கலாமா?

பாசிப்பச்சை:
60 லிட்டர் தொட்டியில் பத்து நியான் டெட்ரா மீன்கள் வளர்க்கிறேன். போன மாதம், எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் ஆப்பிரிக்கக் குட்டைத் தவளை என்று சொன்னதை நம்பி இரண்டு குட்டிகளை வாங்கி விட்டேன். ஒன்று மெலிந்துகொண்டே போகிறது, மற்றது கொழுகொழுவென்று வளர்கிறது. மீனோடு வைத்ததுதான் காரணமா?

தெளிநீர்:
அதுதான் காரணம். குட்டைத் தவளைக்குப் பார்வை மந்தம். மோப்பம் பிடித்துத்தான் இரை தேடும். ரத்தப்புழு எங்கே விழுந்தது என்று அது கண்டுபிடிப்பதற்குள் டெட்ராக்கள் தின்று முடித்துவிடும். என் முதல் தவளை இப்படிப் பட்டினி கிடந்துதான் செத்தது. ஏதோ நோய் என்று நினைத்திருந்தேன், இன்னும் மனது ஆறவில்லை. மீனோடு எந்தத் தவளையையும் சேர்க்கவே கூடாது.

குளத்துமீன்:
"சேர்க்கவே கூடாது" என்பதை நான் ஏற்கவில்லை. மூன்று வருடமாக நான்கு குட்டைத் தவளைகளும் எம்பர் டெட்ராக்களும் என்னிடம் ஒன்றாக இருக்கின்றன. முதலில் ஒரு மூலையில் மீனுக்கு இரை போடுவேன். அவை அங்கே மொய்க்கும்போது மறு மூலையில் இடுக்கியால் ஒவ்வொரு தவளையின் வாயருகே புழுவைக் காட்டுவேன். 24 முதல் 26 டிகிரி இரண்டுக்கும் ஒத்துவரும். தவளை மூச்செடுக்க மேலே வர வேண்டும், அதனால் ஃபில்டர் ஓட்டம் மெதுவாக இருக்கட்டும்.

தெளிநீர்:
நீங்கள் ஒரு வாரம் வெளியூர் போனால் இடுக்கியை யார் பிடிப்பார்? மருந்து விஷயமும் இருக்கிறது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மாலகைட் கிரீன், ஃபார்மலின், உப்பு என்று ஊற்றுவோம். தவளையின் தோல் அத்தனையையும் உள்ளே இழுக்கும். ஆக்ஸலாட்டில் என்ற நீர்வாழ் சாலமாண்டரை வளர்ப்பவர்களும் மீனோடு சேர்த்து இதே தவறைச் செய்கிறார்கள். அதற்கு 16 முதல் 18 டிகிரி குளிர்ந்த நீர் வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செவுளை மீன்கள் கொத்திக் கிழிக்கும். அது கோரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி மீனை விழுங்கினாலோ முள் தொண்டையில் சிக்கும்.

குளத்துமீன்:
ஆக்ஸலாட்டிலுக்குத் தனித்தொட்டிதான், அதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் மருந்து வேண்டுமென்றால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் போடுவேன். தவளை இருக்கும் நீரில் ஒரு சொட்டும் விட மாட்டேன்.
பாசிப்பச்சை, ஒன்று மட்டும் கொழுக்கிறது என்றீர்களே, முன்னங்காலைப் பாருங்கள். குட்டைத் தவளைக்கு நான்கு கால்களிலும் விரலிடைச் சவ்வு உண்டு. குட்டியில் அதைப் போலவே தெரியும் நகத் தவளை என்ற வேறு இனத்துக்குப் பின்னங்காலில் மட்டும்தான்.

பாசிப்பச்சை:
டார்ச் அடித்துப் பார்த்தேன். மெலிந்ததற்குச் சவ்வு இருக்கிறது. பெரியதற்கு முன்விரல்கள் தனித்தனியாக இருக்கின்றன. டெட்ராவையும் எண்ணினேன், எட்டுதான்.

தெளிநீர்:
அப்படியென்றால் அது நகத் தவளை. பெண்ணாக இருந்தால் 10 செ.மீ.க்கு மேல் வளரும். வாயில் அடங்கும் எதையும் விழுங்கும், உங்கள் குட்டைத் தவளையையும்தான். இன்றிரவே பிரித்துவிடுங்கள். குளோரின் நீக்கிய நீரும் இறுக்கமான மூடியும் முக்கியம். தயவுசெய்து குளத்தில் மட்டும் விடாதீர்கள். காட்டுத் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை நகத் தவளையின் உடலில் வெளியே தெரியாமல் இருக்கலாம்.

குளத்துமீன்:
மெலிந்ததையும் சில நாள் தனி டப்பாவில் வைத்து ஊட்டுங்கள். தேறியதும் டெட்ராக்களோடு விடலாம்.

தெளிநீர்:
விட வேண்டாம் என்றே இப்போதும் சொல்வேன்.

பாசிப்பச்சை:
அதை அப்புறம் பார்க்கலாம். பெரியதை மூடியுள்ள வாளிக்கு மாற்றிவிட்டேன். சின்னது டப்பாவில், இடுக்கியில் இருந்து இரண்டு புழு வாங்கிக்கொண்டது.