ரக்பி பெட்டிங் ஆஃபர் எல்லாம் எங்க போச்சுது? உங்கட அனுபவத்தையும் போடுங்கோ

ஹாரோ_முடக்கு

கனநாளா எழுதோணும் எண்டு மனசுக்குள்ள கிடந்தது. முந்தி சிக்ஸ் நேஷன்ஸ் (ஐரோப்பாவில ஆறு நாடு வருசாவருசம் ஆடுற ரக்பிப் போட்டி) தொடங்கினா சனிக்கிழமை காலமை அப்பைத் திறக்க ஆஃபர் வரிசையா நிக்கும், அரைநேரத்தில உங்கட டீம் முன்னுக்கு நிண்டு பிறகு தோத்தா போட்ட காசு ஃப்ரீ பெட்டாத் திரும்பும், நீங்கள் சொன்ன ஆள் முதல் ட்ரை (பந்தைக் கோட்டுக்கு அங்கால கொண்டுபோய் நிலத்தில வைக்கிறது) வைக்காமல் ரெண்டாவது வைச்சாலும் காசு வரும், இப்பிடி. இப்ப ப்ரோமோஷன் பக்கத்தில ஃபுட்போல், குதிரை, திரும்பவும் ஃபுட்போல், எல்லாத்துக்கும் அடியில ரக்பிக்கு எண்டு ஒரு பெட் பில்டர் பூஸ்ட், ஒரே மட்சில கன பெட்டைக் கோத்துப் போட்டா கொஞ்சம் கூடத் தருவாங்கள். அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் ஆறாதது 2025 பெப்ரவரி கல்கட்டா கப், இங்கிலாந்து - ஸ்கொட்லாந்து மட்ச். (கல்கத்தாவில ஒரு ரக்பி கிளப்பை மூடேக்க மிஞ்சின வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கப், எங்கட ஆக்களுக்கே கனபேருக்குத் தெரியாது.) நான் ஸ்கொட்லாந்துக்கு 20 பவுண்ட் போட்டனான். அரைநேரம் 10-7, ஸ்கொட்லாந்து முன்னுக்கு. பிறகு இங்கிலாந்து பெனால்டி பெனால்டியா அடிச்சு 16-10. 79வது நிமிசம் வான் டெர் மெர்வ மூலைக்குள்ள போய் வைச்சான், 16-15. ஃபின் ரஸல் அந்தக் கொன்வர்ஷனை (ட்ரைக்குப் பிறகு அடிக்கிற உதை, ரெண்டு புள்ளி) அடிச்சா வெற்றி. பந்து போஸ்டுக்கு வெளியால போறதைப் பாத்துக்கொண்டே என்ர கை போனுக்குப் போகுது, பரவாயில்லை அரைநேர ஆஃபர் கிடக்கெல்லோ எண்டு. திறந்து பாத்தா அப்பிடி ஒண்டே இல்லை. அதுக்கு முந்தின வருசம் அதே கம்பெனி அதே ஆஃபரைத் தந்தது. ஸ்கொட்லாந்து மூண்டு ட்ரை வைச்சு மூண்டு கொன்வர்ஷனும் பிழைச்சு ஒரு புள்ளியால தோத்தது, அந்த ஆஃபர் செய்தே வைச்சது இப்பிடியான மட்சுக்குத்தானே!

பரமட்டா_பையன்

அண்ணே நீங்க யூனியன் பேசுறீங்க, இங்க சிட்னில லீக் (டீமுக்கு பதிமூணு பேர் ஆடற இன்னொரு வகை ரக்பி) தான், ஆனா கதை அதே தான். 2023 என்ஆர்எல் (ஆஸ்திரேலியா ரக்பி லீக்) கிராண்ட் ஃபைனல், பென்ரித் - பிரிஸ்பேன். நான் பிரிஸ்பேன் மேல 50 டாலர். ரூம்மேட்டும் பிரிஸ்பேன், அதே கம்பெனி, அதே 50. ஒரே சோஃபாவுல உக்காந்துருக்கோம். எஸ்ரா மாம் மூணாவது ட்ரை போட்டு 24-8 ஆச்சு பாருங்க, அவன் போன் டிங்னுச்சு. என்னடான்னா 12 புள்ளி முன்னாடி போனா அப்பவே பே அவுட்டாம். என் போன் சத்தமே இல்ல. எனக்கு அந்த ஆஃபரே வரல, நான் லாகின் பண்ணி டேப்ப தேடு தேடுனு தேடுறேன் இல்ல. அதுக்கப்புறம் கடைசி இருபது நிமிஷம் என்ன நடந்துச்சுனு எல்லாருக்கும் தெரியும், லியோட்டா, கிரைட்டன், அப்புறம் கிளியரி தனியா உள்ள பூந்து போட்டது, 26-24 பென்ரித். அவன் காச வாங்கிட்டு ஜாலியா கிளியரிக்குக் கை தட்டுறான், நான் தலைல கை வெச்சு உக்காந்துருக்கேன்.

இதுல என்ன கொடுமைன்னா என்எஸ்டபிள்யூல (சிட்னி இருக்கற மாநிலம்) இந்த மாதிரி ஆஃபர வெளிய விளம்பரம் பண்ணவே கூடாது, அக்கவுண்ட் இருக்கறவன் லாகின் பண்ணா மட்டும் தான் தெரியும். அதனால யாருக்கு என்ன குடுக்கறான்னு பக்கத்துல உக்காந்துருந்தா தான் கண்டுபிடிக்க முடியும். புதுசா சேர்றவனுக்கு போனஸ் குடுக்கறதயும் 2019லயே நாடு முழுக்க தூக்கிட்டாங்க. ரூம்மேட் வாராவாரம் ஆறு லெக் மல்டி (ஆறு பெட்ட ஒண்ணாக் கோத்தது, ஒண்ணு போனாலும் எல்லாம் போச்சு) போட்டுத் தோக்கற ஆளு. நான் லைன் (ஒரு டீமுக்கு முன்கூட்டியே புள்ளி குடுத்து வெக்கற பெட்) மட்டும் பாத்துப் போடுவேன். இப்ப புரியுதா யாருக்கு டிங் வரும்னு.

சும்மா_ஒரு_ஆள்

எல்லாம் வரி தான் காரணம். இங்க யூகேல 40% ஆக்கிட்டாங்க, அப்புறம் எங்கேர்ந்து ஆஃபர் குடுப்பான். கவர்மெண்ட்ட கேளுங்க.

லெஸ்டர்_லைன்அவுட்

மேல ஒருத்தர் 40%னு அடிச்சு விட்டுருக்காரு, அது தப்பு சார். 2025 நவம்பர் பட்ஜெட்ல 21ல இருந்து 40 ஆனது ஆன்லைன் கேசினோ, ஸ்லாட் வரி, 2026 ஏப்ரல்ல இருந்து. ஆன்லைன் ஸ்போர்ட்ஸ் பெட்டிங் 15ல இருந்து 25 ஆகறது 2027 ஏப்ரல்ல தான். குதிரைக்கு அதுவும் கிடையாது, 15லயே நிக்கும். ரக்பி ஆஃபர் அதுக்கெல்லாம் வருஷக்கணக்கா முன்னாடியே சுருங்கிடுச்சு, வராத வரி மேல பழி போட்டா எப்படி.

நான் பாத்த வரைக்கும் காரணம் வேற. ஒண்ணு, மேட்சே கொறைஞ்சுடுச்சு. இங்கிலாந்து கிளப் லீக்கான பிரீமியர்ஷிப்ல வூஸ்டரும் வாஸ்ப்ஸும் 2022ல போச்சு, லண்டன் ஐரிஷ் 2023ல போச்சு, பிரீமியர்ஷிப் பத்து டீம், ஒரு ரவுண்டுக்கு அஞ்சே மேட்ச். அஞ்சு மேட்சுக்குனு தனியா ஒரு ஆஃபர் டிசைன் பண்ணி ஆள் போட்டு நடத்துவானா அவன்? ரெண்டாவது, மிச்சம் இருந்ததையும் முடிச்சது ரூல். ரக்பில 10 பவுண்ட் போடு 50 ஸ்பின் (கேசினோ ஸ்லாட்ல இலவசச் சுத்து) வாங்குனு சிக்ஸ் நேஷன்ஸ் அப்ப வரும்ல, அந்த மாதிரி ஸ்போர்ட்ஸையும் கேசினோவையும் கலந்த ஆஃபருக்கு 2026 ஜனவரி 19லேர்ந்து தடை, போனஸ பத்து தடவைக்கு மேல சுத்தி விளையாட வெக்கவும் கூடாது. ரக்பி ஆளுங்கள ஸ்லாட்டுக்கு இழுக்கறதுக்குத்தான் பாதி ஆஃபர் இருந்துச்சு, அந்த வழிய அடைச்சதும் அவனுக்கு ஆர்வமும் போச்சு.

என் கதை சின்னது தான். 2025 மார்ச், செல்ட்னம் குதிரைப் பந்தயம் நாலு நாள் முடிஞ்ச மறுநாள் சிக்ஸ் நேஷன்ஸ் கடைசி ரவுண்டு. வெள்ளிக்கிழமை வரைக்கும் தினம் மூணு மெசேஜ், எக்ஸ்ட்ரா பிளேஸ், காசு திரும்ப, அது இதுனு. சனிக்கிழமை கார்டிஃப்ல வேல்ஸ் - இங்கிலாந்து, போன எடுத்துப் பாக்கறேன், மெசேஜே இல்ல. ஒண்ணு கூட! போன் கெட்டுப் போச்சோனு ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அந்த மேட்ச் இங்கிலாந்து 68-14னு ஜெயிச்சுது, அது வேற கதை.

ஆக்லாந்து_மழை

நீங்கல்லாம் ஆஃபர் கொறைஞ்சுதுன்னு பேசிட்டு இருக்கீங்க, எங்களுக்கு கடையே ஒண்ணு தான். 2025 ஜூன் கடைசில சட்டம் மாத்திட்டாங்க, நியூசிலாந்துல இருந்துட்டு வெளிநாட்டு கம்பெனில ஸ்போர்ட்ஸ் பெட் போட முடியாது, டிஏபி மட்டும் தான். அது சட்டப்படி இங்க ஒரே ஆளு, நடத்தறது என்டெயின்ங்கற பெட்டிங் கம்பெனி, 25 வருஷ ஒப்பந்தம். போட்டியே இல்லாதப்ப எவன் ஆஃபர் குடுப்பான்.

சரியா அடுத்த வாரம் டுனீடின்ல ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்து டீம்) - பிரான்ஸ் முதல் டெஸ்ட். பிரான்ஸ் பெரிய ஆளுங்கள எல்லாம் வீட்டுல விட்டுட்டு வந்துருக்கான், எல்லாரும் ஆல் பிளாக்ஸ் அடிச்சுத் தள்ளும்னு சொல்றாங்க, எனக்கு மட்டும் பிரான்ஸ் ஹேண்டிகேப்ல (இத்தன புள்ளிக்குள்ள தோத்தாலும் ஜெயிச்ச கணக்கு) ஒரு கண்ணு. பழக்கத்துல கை பழைய அக்கவுண்ட்டுக்குப் போயிடுச்சு. லாகின் ஆகுது, பாஸ்வேர்ட் சரி, ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல, மேட்ச் லிஸ்ட் இருக்கற எடம் வெள்ளையா கெடக்கு, மேல ஒரு வரி, உங்க நாட்டுல இந்தச் சேவை கிடையாது, மிச்சக் காச எடுத்துக்கோங்கன்னு. பழைய ஆபீஸ்ல அடையாள அட்டை வேலை செய்யாம வாசல்ல நிக்கற மாதிரி இருந்துச்சு. மேட்ச் 31-27. நாலே புள்ளி வித்தியாசம். என் ஹேண்டிகேப் அழகா ஜெயிச்சுருக்கும்.

பேக்_அண்ட்_லே

அனுபவம்னா எனக்கு ஒண்ணே ஒண்ணு தான், ஒரு வேல்ஸ் மேட்ச் கிக்ஆஃபுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி மெயில் வந்துச்சு, இனிமே உங்களுக்கு எந்த ப்ரோமோஷனும் கிடையாதுன்னு. நேஷனல் ஆந்தம் பாடிட்டு இருக்கான் டிவில, நான் அந்த மெயில நாலு தடவ படிக்கறேன். அவ்ளோ தான்.

ஆனா இங்க யாருமே விஷயத்த சரியா புரிஞ்சுக்கல, அதனால சொல்றேன், கேட்டாலும் கேக்காட்டியும். ஃப்ரீ பெட்னா காசு கிடையாது. 10 பவுண்ட் ஃப்ரீ பெட்ல ஜெயிச்சா லாபம் மட்டும் வரும், அந்த 10 திரும்ப வராது. அதனால கம்மி ஆட்ஸ்ல (போட்டதுக்கு எத்தன மடங்கு வரும்ங்கற ரேட்) போட்டா வேஸ்ட். 6.0 மாதிரி ஒண்ணுல போட்டுட்டு, எக்ஸ்சேஞ்சுல (ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பெட் கட்டற சைட்) அதையே 6.4ல லே பண்ணுங்க, அதாவது அது ஜெயிக்காதுனு போடுங்க, கமிஷன் 2%னு வெச்சுக்கோங்க, 7.84 பவுண்டுக்கு லே போட்டா எது ஜெயிச்சாலும் கையில 7.68 நிக்கும். இதான் முழு ரகசியமும். இப்ப ரக்பிக்கு வாங்க. வின்னிங் மார்ஜின், ட்ரை ஸ்கோரர் எல்லாத்துலயும் எக்ஸ்சேஞ்சுல ஆளே இருக்க மாட்டான், பேக் (ஜெயிக்கும்னு போடறது) ரேட்டுக்கும் லே ரேட்டுக்கும் நடுவுல லாரியே போகலாம். 6.4க்கு பதிலா 8.0ல லே பண்ண வேண்டி வந்தா அதே 10 பவுண்ட் 6.14 ஆயிடும். ஃபுட்பால்ல இந்தப் பிரச்சினை கம்மி.

கம்பெனி பக்கம் யோசிங்க. ஹேண்டிகேப்ல ரெண்டு பக்கமும் 1.91 குடுத்தா அவனுக்கு நூத்துக்கு நாலரை தான் லாபம், அதுல இருந்து காசு திரும்பத் தர்ற ஆஃபர் குடுத்தா என்ன மிஞ்சும்? பெட் பில்டர்ல நாலு லெக் கோத்தா ஒவ்வொரு லெக்குலயும் அந்த நாலரை நாலரை பெருகி பதினேழுக்குக் கிட்ட ஆயிடுது. அதுல இருந்து பூஸ்ட்னு ஒரு துளி திருப்பிக் குடுத்தாலும் அவன் தான் மேல. அதனால தான் ஹாரோ அண்ணன் பாத்த அந்த ஒத்த ஆஃபர் பெட் பில்டருக்கு. உங்க எல்லாருக்கும் நான் சொல்றது, மொதல்ல ஒரு எக்ஸல் ஷீட் போடுங்க, ஒவ்வொரு கம்பெனிலயும் மாசத்துக்கு ரெண்டு மூணு சாதாரண பெட் ஃபுட்பால்ல, பெரிய லீக்ல, சில்லறை வராத முழு நம்பர்ல போடுங்க, 13.57 மாதிரி போட்டா நீங்க ஆஃபர மட்டும் கறக்கற ஆளுனு உடனே கண்டுபிடிச்சுருவான், ஃப்ரீ பெட் வந்த அன்னைக்கே காச வெளிய எடுக்காதீங்க, ரக்பி ஆஃபர்னு பேராசப்பட்டு மேக்ஸிமம் அடிக்காதீங்க, ட்ரை ஸ்கோரர் ஆட்ஸ் ஏதாவது தப்பா போட்டுருந்தா அதத் தொடவே தொடாதீங்க.

மவுண்ட்_ட்ரூயிட்_அக்கா

தம்பி பேக் அண்ட் லே, யாரு உங்கள கேட்டா? ஒரு பெரிய பாடமே எடுத்துட்டீங்க. எக்ஸல் ஷீட்டாம்.

நானும் ஒண்ணு சொல்றேன். என் வீட்டுக்காரருக்கு ஆரிஜின் (என்எஸ்டபிள்யூ - குயின்ஸ்லாந்து ரக்பி லீக்) மேட்ச் இருக்கற புதன்கிழமைனா சாயங்காலமே மெசேஜ் வந்துரும், 50 டாலர் போனஸ் பெட் உங்களுக்காக காத்துட்டு இருக்குனு. அவரு ரெண்டு மாசமா தொடாம இருந்தாரு, அது அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுருக்கு, ரெண்டு மாசம் தொடாதவருக்குத்தான அனுப்புறாங்க. நான் தோச ஊத்திட்டு இருக்கேன், அவரு போன் அடுப்பு மேடை மேல இருக்கு, அந்த மெசேஜ் வந்து ஸ்கிரீன் எரியுது, அவரு என்னப் பாக்கறாரு, நான் அவரப் பாக்கறேன். கல்லுல தோச கருகிப் போச்சு, ரெண்டு பேரும் நகரல. அன்னைக்கு ராத்திரியே பெட்ஸ்டாப்ல (பெட்டிங்க விட்டு விலகறவங்களுக்கான அரசாங்கப் பட்டியல்) பேர் குடுத்தோம், அது 2023 ஆகஸ்ட்ல இருந்து இருக்கு, ஒரு தடவ பேர் குடுத்தா லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன் கம்பெனியும் அக்கவுண்ட்ட மூடணும், மெசேஜும் அனுப்பக் கூடாது.

அதனால ஆஃபர் போச்சேனு இங்க எல்லாரும் அழுறதப் பாத்தா எனக்கு எரிச்சலா தான் வருது. எம்பி பீட்டா மர்ஃபி தலைமைல இருந்த பார்லிமெண்ட் கமிட்டி 2023லயே 31 பரிந்துரை குடுத்துச்சு, இந்த மாதிரி ஆசை காட்டற ஆஃபரையும் மொத்தமா நிறுத்தணும், விளம்பரத்தையும் மூணு வருஷத்துல படிப்படியா எடுக்கணும்னு. அந்தம்மா அந்த வருஷமே இறந்துட்டாங்க. பரமட்டா தம்பி, உன் போன் டிங்னு அடிக்கலனு நீ வருத்தப்படற, உன் ரூம்மேட்டுக்கு ஏன் அடிக்குதுனு நீயே எழுதிருக்கியே, அவன்கிட்ட ஒரு வார்த்த பேசுனியா?

பரமட்டா_பையன்

அக்கா அவன் இப்ப பிரிஸ்பேன் போயிட்டான், ஆனா நீங்க சொன்னது சரி, அவனுக்கு அனுப்பறேன் இந்த பெட்ஸ்டாப் விஷயத்த. 2024 ஜூன்ல ஆன்லைன் பெட்டிங்குக்கு கிரெடிட் கார்ட நிறுத்துனப்பவே அவன் ரொம்ப பொலம்புனான், அப்பவே எனக்கு லேசா டவுட் வந்துச்சு.

ஹாரோ_முடக்கு

அக்கா சொல்லுறதில நியாயம் இருக்கு, நான் மறுக்கேல்லை. ஆனா ஒண்டு, ஆஃபர் நிண்டதெண்டா எல்லாருக்கும் நிண்டிருக்கோணும். இஞ்சை கணக்குப் பாத்துப் போடுறவனுக்கு நிப்பாட்டிப்போட்டு, தோக்கிறவனுக்கு மட்டும் பின்கதவால குடுக்கிறாங்கள், அதைத்தான் நான் கேக்கிறன். சட்டம் போட்டவை அதைப் பாத்தவையோ?

லெஸ்டர் தம்பி, வரி விசயம் தெளிவாச் சொன்னீங்கள், நன்றி. 2027 ஏப்ரலுக்குப் பிறகு அந்த பெட் பில்டர் பூஸ்டும் போயிடும் எண்டு நினைக்கிறன், அந்த வருசக் கடைசியிலதானே ஒஸ்ரேலியாவில உலகக் கோப்பை.

சும்மா_ஒரு_ஆள்

சரி 40 கேசினோவுக்கு, ஒத்துக்கறேன். ஆனாலும் வரி தான் காரணம். ரெண்டும் ஒரே கம்பெனி தான், ஒரு பாக்கெட்ல போனத இன்னொரு பாக்கெட்ல பிடிப்பான்.

லெஸ்டர்_லைன்அவுட்

அது இனிமேல் நடக்கப் போறதுக்கு சரி, நடந்து முடிஞ்சதுக்கு இல்ல. பேக் அண்ட் லே, உங்க 6.4 மேட்ச் அன்னைக்கு மத்தியானம் கெடைக்கற ரேட். பிரீமியர்ஷிப் மேட்ச்சுக்குப் புதன்கிழமை போய்ப் பாருங்க, வின்னிங் மார்ஜின் மார்க்கெட்ல லே பக்கம் அஞ்சு பவுண்டு கூட இருக்காது, உங்க 7.84 எங்க மேட்ச் ஆகும்?