மறுமொழி: முனைவர் பட்ட ஆய்வின் முறையியல் இயலில் ‘முக்கோணமாக்கல்’ – மாற்றுச்சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம். ஒரே பொருளைப் பலவகைச் சான்றுகளால் ஆராய்வதை ஆங்கிலத்தில் triangulation என்பர். அதற்கு வழங்கும் ‘முக்கோணமாக்கல்’ என்னும் சொல்லுக்கு மாற்று தேடும் இவ்வுரையாடலில் உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘முக்கோணமாக்கல்’ பொருந்தவில்லை என்றால் ‘மும்முனைச் சரிபார்ப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமே? மாணவர்களுக்கு எளிதில் புரியும்.

ஐயா, தாங்கள் சொல்வது போல இது எளிதில் புரியும்; ஆனால் தவறாகப் புரியும் என்பதே என் அச்சம். அண்மையில் ஒரு வாய்மொழித் தேர்வில் கண்டதைச் சொல்கிறேன். கைத்தறி நெசவாளர் கூலி பற்றிய ஆய்வு அது. மாணவி கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் பதிவேட்டைப் பார்த்திருந்தார். நெசவாளர் வீடுகளுக்கே சென்று நெடுநேரம் நேர்காணலும் செய்திருந்தார். இரண்டும் அருமையான தரவுகள். ஆனால் முறையியல் இயலில் ‘முக்கோணமாக்கல் மேற்கொள்ளப்பட்டது’ என்று எழுத வேண்டியிருந்ததால், மூன்றாவது கோணம் ஒன்று வேண்டுமே என்று, கடைசி மாதத்தில் பத்துப் பேரிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து நிரப்பி வாங்கியிருக்கிறார். தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே அந்த வினாநிரல் எதற்காக என்பதுதான். அவரால் விடை சொல்ல இயலவில்லை. ஒரு சொல்லில் ஒட்டியிருந்த ‘மூன்று’ என்னும் எண்ணுக்காகச் செய்த வேலைக்கு அவர் எங்கிருந்து காரணம் காட்டுவார்?

இத்தனைக்கும் இச்சொல் பிறந்த நில அளவையில்கூட மூன்று சான்றுகள் தேவைப்படுவதில்லை. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை, அதாவது அளவைக்கு அடிப்படையான நேர்கோட்டை, சங்கிலியால் அளந்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியை நோக்கிக் கோணங்களை அளந்தால், அப்புள்ளிக்குப் போகாமலேயே அதன் இடம் கிடைத்துவிடும். நோக்குமிடங்கள் இரண்டு, மூன்றாவது முனை என்பது நாம் அறிய விரும்பும் பொருள். ஆகவே சமூக அறிவியலில் ‘மூன்று வழிகளில் தரவு திரட்டுதல்’ என்று இதை விளக்குவது உவமையையே தலைகீழாகப் படிப்பதாகும். நில அளவையாளர்கள் ‘முக்கோண அளவை’ என்று சொல்லட்டும், அது அவர்களுக்குப் பொருந்தும். நமக்குத் தேவை வேறு சொல்.

இக்கருத்து வளர்ந்த வரலாறும் எண்ணுக்கு இடம் தரவில்லை. 1959இல் உளவியலாளர்கள் கேம்பலும் ஃபிஸ்கேயும் ஒரே பண்பை வெவ்வேறு முறைகளால் அளந்து பார்க்க வேண்டும் என்றார்கள். 1966இல் வெப்பும் அவருடைய கூட்டாளிகளும் அதற்கு நில அளவையாளரின் சொல்லைக் கடன் வாங்கினார்கள். 1970இல் சமூகவியலாளர் நார்மன் டென்சின் அதைத் தரவு, ஆய்வாளர், கோட்பாடு, முறை என நான்காக வகுத்தார்.

அடுத்து, ‘சரிபார்ப்பு’. சான்றிதழ் சரிபார்ப்பு, கணக்குச் சரிபார்ப்பு என்று நாம் வழங்கும்போது, ஒன்று சரி, அதனோடு ஒவ்வாதது தவறு என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. மேலே சொன்ன ஆய்வையே எடுத்துக்கொள்வோம். சங்கப் பதிவேட்டில் ஒரு சேலைக்கான கூலி ஒருவர் பெயரில் இருக்கிறது. வீட்டுக்குப் போனால், தறியில் கணவர் உட்கார்ந்திருக்க, மனைவி வாசலில் இராட்டையை வைத்துக்கொண்டு ஊடைக்கான தார் சுற்றிக்கொண்டிருக்கிறார். நேர்காணலில் அவர் ‘கூலி ஒரு ஆளுக்குத்தான், வேலை ரெண்டு ஆளுக்கு’ என்கிறார். பதிவேடும் பொய் சொல்லவில்லை, அந்த அம்மையாரும் பொய் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டில்தான் ஆய்வின் உயிரே இருக்கிறது. முக்கோணமாக்கலைச் சரிபார்ப்பு என்றே எண்ணியிருந்த மாணவி, அதை ‘முரண்பட்ட தரவு’ என்று ஒதுக்கிப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டார் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

எனவே என் பரிந்துரை: பல்வழி ஒப்புநோக்கல்.

‘ஒப்புநோக்கல்’ நம் பதிப்பாசிரியர்களின் சொல். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்புநோக்கி, தாம் கொண்ட பாடத்தை (மூலத்தின் வாசகத்தை) மேலே வைத்து, மாறுபட்டவற்றைப் பிரதிபேதமாகக் குறித்தார். எதையும் மறைக்கவில்லை, ஏடு இரண்டா பத்தா என்பதும் முறையை மாற்றுவதில்லை. ஆய்வு மாணவர் தம் தரவுகளை நடத்த வேண்டிய விதமும் இதுவே.

> ‘ஒப்பீடு’ என்பதோடு குழம்பாதா?

அம்மா, நியாயமான கேள்வி. நான் இப்படி வேறுபடுத்துகிறேன்: இரு ஊர் நெசவாளர்களின் கூலியை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது ஒப்பீடு, ஓர் ஊர்க் கூலியைப் பற்றிய இரு சான்றுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது ஒப்புநோக்கல். பொருள் இரண்டானால் முன்னது, பொருள் ஒன்றாகிச் சான்று பலவானால் பின்னது. வகைகளைச் சொல்லும்போது ‘பல்வழி’யை விட்டுவிட்டுத் தரவு ஒப்புநோக்கல், ஆய்வாளர் ஒப்புநோக்கல், கோட்பாட்டு ஒப்புநோக்கல், முறை ஒப்புநோக்கல் என்று சுருக்கமாக வழங்கலாம். வினையாகவும் இயல்பாக வருகிறது. இயலில் எழுதிப் பார்த்தேன்:

‘கூலி பற்றிய செய்திகள் சங்கப் பதிவேட்டிலிருந்தும் இல்ல நேர்காணல்களிலிருந்தும் திரட்டப்பட்டு ஒப்புநோக்கப்பட்டன. பதிவேடு உறுப்பினரின் வருவாயையும், நேர்காணல் குடும்பத்தின் உழைப்பையும் காட்டுவதால் இவ்விரண்டும் தேர்ந்துகொள்ளப்பட்டன. இரண்டும் மாறுபடும் இடங்கள் நீக்கப்படாமல் ஐந்தாம் இயலில் தனியே ஆராயப்படுகின்றன.’

எந்தச் சான்று, ஏன் அந்தச் சான்று, மாறுபட்டால் என்ன செய்தேன் என்ற மூன்றுக்கும் இதில் விடை இருக்கிறது. ‘முக்கோணமாக்கல் மேற்கொள்ளப்பட்டது’ என்ற ஒற்றை வரியில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை.

இன்னும் ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. அவ்வாறு மாறுபடும் இடத்துக்கு ஒரு பெயர் இருந்தால்தான் மாணவர் அதைத் துணிந்து எழுதுவார். பாடபேதம், பிரதிபேதம் என்பவற்றின் அடியொற்றிச் ‘சான்றுபேதம்’ என்று முன்வைக்கிறேன். தனித்தமிழ் வடிவம் வேண்டுவோர் ‘சான்று வேறுபாடு’ எனலாம். ஆயினும் பதிப்புத்துறையின் நினைவு முன்னதில்தான் தங்குகிறது. இவ்விரண்டில் எது நிற்கும் என்று ஆய்வு நெறியாளர்களாக உள்ள உறுப்பினர்கள் தங்கள் மாணவர்களின் இயல்களில் இட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.